பெருவிரல் பாதுகாப்புச் சுத்தியல்

செல்லச்சாமி என்பவர் கைக்கருவிகள் கண்காணிப்பு அலுவலர். சங்கரன்கோவில் வட்டாரத்தில் சுத்தியல், ஸ்பானர், திருப்புளி, குறடு என்று கையில் பிடிக்கக்கூடிய எது தயாரானாலும் அதைக் கண்காணிப்பது அவர் உத்தியோகம். அன்னாரின் இடது கைப் பெருவிரல் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலக நேரத்தில் நசுங்கிவிட்டது. அரசாங்கச் சுவரில், அரசாங்கக் காலண்டரை மாட்டுவதற்காக, அரசாங்க ஆணியை அடிக்கும்போது நேர்ந்த விபத்து. ஆகையால் அந்த நேரத்துக்கு விரலும் அரசாங்க விரல்தான் என்று முடிவாயிற்று. அப்புறம் விசாரணை இல்லாமல் விடமுடியுமா?

விசாரணையைச் செல்லச்சாமியே நடத்தினார். ஆணியை விசாரித்தார். அது நின்ற இடத்தில் நின்றிருந்தது. சுவரை விசாரித்தார். அது அசையவே இல்லை. காலண்டர் சம்பவ நேரத்தில் மேஜை மேல் சுருண்டு படுத்திருந்தது. அங்கே அசைந்த ஒரே பொருள் சுத்தியல்தான். அந்தச் சுத்தியலை அசைத்த கை ஒன்று உண்டே என்று நீங்கள் கேட்பீர்கள். அது பதவியில் இருக்கிற கை. அதை விசாரிக்க மேலிடத்து அனுமதி வேண்டும்.

சுத்தியலின் பிடியில் 'பவுல்' என்று முத்திரை குத்தியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பவுல்பாண்டியனுக்கு ஆள் போய்விட்டது.

பவுல்பாண்டியன் திருவேங்கடம் ரோட்டில் சுத்தியல் பட்டறை வைத்திருந்தார். இரும்பைக் காய்ச்சித் தலை அடித்து, எண்ணெயில் தோய்த்து, வாகை மரத்தில் பிடி போட்டு, ஆப்பு இறக்கிக் கொடுத்தாரென்றால், வாங்கினவன் மகன் காலத்துக்கும் அது உழைக்கும். அதனால்தான் ஒரு தடவை வந்தவன் மறு தடவை பட்டறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவர் மனைவி இன்பம் குறைப்பட்டுக்கொள்வாள்.

இந்தப் பக்கத்தில் சுத்தியலை யாரும் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. காதால் கேட்டுத்தான் வாங்குவார்கள். பட்டறை வாசலில் ஒரு கருங்கல் கிடந்தது. வருகிறவன் சுத்தியலை எடுத்து அந்தக் கல்லில் ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பான். மண்பானை வாங்குகிற அதே வித்தைதான். கிண்ணென்று வந்தால் எடுத்துக்கொண்டு போவான். தெருத் தெருவாக விசைத்தறி சடசடத்துக்கொண்டிருக்கிற ஊரில், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் கிண்ணைத் தனியாகப் பிரித்தெடுக்கிற காது சங்கரன்கோவில்காரர்களுக்கு வாய்த்திருந்தது. பவுல்பாண்டியனுக்கோ அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

அவர் போனபோது செல்லச்சாமி, கட்டுப் போட்ட விரலை ஒரு கோப்புக்கட்டின் மேல் படுக்கவைத்திருந்தார்.

"இது உம்ம சுத்தியல்தானா வே?"

"ஆமா சார்."

"இதால ஆணியில அடிச்சா என்ன ஆவும்?"

"ஆணி இறங்கும் சார்."

"விரல்ல அடிச்சா?"

"விரல் நசுங்கும் சார்."

"அப்போ ஆணி எது, விரல் எதுன்னு உம்ம சுத்தியலுக்குத் தெரியல. அப்படித்தான?"

பவுல்பாண்டியன் யோசித்துப் பார்த்தார். கேள்வியில் எங்கேயோ கோளாறு இருந்தது. ஆனால் அது எங்கே என்று பிடிபடவில்லை.

"அடிக்கிற ஆளு பாத்து அடிக்கணும் சார்" என்றார்.

"அடிச்ச ஆளு யாருன்னு தெரியுமா?"

"நீங்கதான் சார்."

"அப்போ நான் பாக்காம அடிச்சேன்னு சொல்லுதீரு."

"ஐயையோ, தப்பு சுத்தியல் மேலதான் சார்."

"குறிச்சிக்கிட்டேன்" என்றார் செல்லச்சாமி.

இப்படித் தயாரித்தவரே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டபடியால் மேற்கொண்டு நடவடிக்கை சுலபமாயிற்று. அன்றைக்கே ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி சங்கரன்கோவில் வட்டாரத்தில் மனிதப் பெருவிரலுக்குக் காயம் விளைவிக்காத சுத்தியல்களே தயாரிக்கப்பட வேண்டும், விற்கப்பட வேண்டும், வைத்திருக்கப்பட வேண்டும். மாதக் கடைசிக்குள் அப்படி ஒரு சுத்தியலைச் செய்து சோதனையில் தேறாவிட்டால் பட்டறைக்குச் சீல். அதுவரை ஊரில் இருக்கிற ஆபத்தான சுத்தியல்கள் யாவும் அரசாங்கக் காவலில் இருக்கும். சேவகர்கள் வீடு வீடாகப் புகுந்து சாக்குச் சாக்காக அள்ளிக்கொண்டு வந்து, வேறு இடம் இல்லாத காரணத்தால், அலுவலகக் குளியலறையில் போட்டுப் பூட்டினார்கள். அன்று முதல் அலுவலர்கள் யாரும் குளிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. அதற்கு முன்னாலும் அங்கே யாரும் குளித்ததில்லை.

பவுல்பாண்டியன் பட்டறைக்குத் திரும்பி வந்து யோசித்தார். பட்டறையை நம்பி ஆறு குடும்பம் இருந்தது. அவருக்கும் சுத்தியலை விட்டால் உலகத்தில் வேறு ஒன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் இன்பத்துக்குப் பூ வாங்கிக்கொடுக்கத் தெரியாமல் ஒரு சின்னச் சுத்தியல் செய்துகொடுத்த ஆள் அவர்.

முதலில் சுத்தியல் தலையில் ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டிக்கொண்டு போனார். சோதனைக்கு ஒரு பெருவிரல் தேவைப்பட்டது. அரசாங்க விரல் மருத்துவ விடுப்பில் இருந்ததால் தயாரிப்பாளர் விரலையே பயன்படுத்துவது என்று தீர்மானித்தார்கள். பவுல்பாண்டியன் மேஜை மேல் விரலை வைத்தார். சேவகர் ஓங்கிப் போட்டார்.

"வலிக்கா?" என்றார் செல்லச்சாமி.

"கொஞ்சம் சார்."

"கொஞ்சம்னு ஒண்ணு நம்ம டிபார்ட்மெண்ட்ல கிடையாது வே. வலிக்கு, வலிக்கல. ரெண்டுதான்."

"வலிக்கு சார்."

"தேறல. அடுத்த வாரம் வாரும்."

அடுத்த வாரம் சாக்கைச் சுற்றிக்கொண்டு போனார். வலித்தது. அதற்கடுத்த வாரம் சைக்கிள் சீட்டைக் கழற்றிக் கட்டிக்கொண்டு போனார். ஸ்பிரிங் எகிறிச் சேவகர் மூக்கில் பட்டது. மூக்கு சுற்றறிக்கையில் இல்லாததால் அது கணக்கில் சேரவில்லை. ஆனால் விரல் வலித்தது.

வீங்கின விரலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இன்பம் கேட்டாள்.

"ஏங்க, தலாணியில அடிபட்டு யாருக்காவது காயம் பட்டிருக்கா?"

"இல்ல."

"அப்போ எதுக்கு இந்தப் பாடு?"

அவளே உட்கார்ந்து செய்துவிட்டாள். இரும்புத் தலையைக் கழற்றி எறிந்தாள். அந்த இடத்தில் இலவம்பஞ்சை உருட்டி அடைத்தாள். தறியில் மிஞ்சின சிவப்புத் துணியை எடுத்து, மஞ்சள் கரை தெரிகிற மாதிரி உறை தைத்துப் போட்டாள். பிடியில் ஒரு குஞ்சமும் தொங்கவிட்டாள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது பவுல்பாண்டியனுக்கு அழுகை வந்தது.

"இதுக்குப் பேரு சுத்தியலா?"

"பட்டறை வேணுமா, சுத்தியல் வேணுமா?" என்றாள் இன்பம்.

சோதனையில் சேவகர் ஓங்கி ஓங்கிப் போட்டார். பொத், பொத்.

"வலிக்கா?"

"இல்ல சார். சுகமா இருக்கு."

செல்லச்சாமிக்கு நம்பிக்கை வரவில்லை. தன் விரல் கட்டை அவிழ்த்து மேஜை மேல் வைத்து, "போடும்" என்றார். போட்டார்கள். "இன்னும் ரெண்டு போடும்" என்றார். பிறகு தோளைக் காட்டி, "அப்படியே இங்கனயும் ரெண்டு" என்றார். சுத்தியல் தேறிவிட்டது.

பவுல்பாண்டியன் மெதுவாகக் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். இதால அடிச்சா ஆணி இறங்காதே."

"சுற்றறிக்கையில ஆணின்னு எங்கயாவது இருக்கா?"

"இல்ல சார்."

"ஆணி வேற டிபார்ட்மெண்ட் வே. அவங்க விஷயத்துல நாம தலையிடக் கூடாது."

பட்டறை தப்பித்தது. ஆனால் சரக்கு நகரவில்லை. வந்தவன் எல்லாம் வழக்கம்போலச் சுத்தியலை எடுத்து வாசல் கல்லில் தட்டினான். பொத். தலையைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி தட்டினான். பொத்.

"என்ன அண்ணாச்சி, சுத்தியலுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனான். போன இடத்தில் ஆணி அடிக்காமல் முடியுமா? அவனவன் வீட்டு அம்மிக்குழவியை எடுத்து அடித்துக்கொண்டான். சங்கரன்கோவிலில் கதவு, ஜன்னல், தறிக்கட்டை எல்லாவற்றிலும் அந்த வருஷம் ஆணி அடித்தது குழவிதான். துவையலில் துரு வாசனை வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறையை அரசாங்கம் மூடாவிட்டாலும் தானே மூட வேண்டியதுதான் என்று பவுல்பாண்டியன் இருந்த சமயத்தில் சேக் மைதீன் வந்து சேர்ந்தார். இவர் கடையநல்லூரில் பாரின் சாமான் கடை வைத்திருப்பவர். துபாயிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருகிற சென்ட், டேப்ரிக்கார்டர், கோடாலித் தைலம் எல்லாம் இவர் கடைக்கு வந்துதான் ஊருக்குள் போகும். பெட்டி உடைக்கச் சுத்தியல் வாங்க வந்தவர், சிவப்புத் துணியும் குஞ்சமுமாக வரிசையில் தொங்கினவற்றைப் பார்த்து நின்றுவிட்டார். ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டினார். பொத்.

"சத்தமே வரலியே வே" என்றார்.

"அதான் பாய் அதுல உள்ள கொறை."

"கொறையா? பாரின் ஃபேன் சத்தம் போடுமா? பாரின் கடியாரம் சத்தம் போடுமா? ஒசந்த சாமான் எதுவுமே சத்தம் போடாது வே. இருக்கதையெல்லாம் கட்டும்."

சேக் மைதீன் பொய் சொல்கிற ஆளில்லை. கடைக் கண்ணாடிக்குள் சென்ட் பாட்டிலுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் அந்தச் சுத்தியலைப் படுக்கவைத்தார், அவ்வளவுதான். இது எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டவர்களிடம், "துபாயில தேடினாலும் கெடைக்காது" என்றார். அதில் ஒரு எழுத்து பொய் உண்டா?

பிறகு நடந்ததை விவரிக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் கடையநல்லூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பரிசாக ஒரு சுத்தியல் வந்தது. மறு வாரம் சுத்தியல் வராத கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். சங்கரன்கோவிலில் ஷோகேஸ் வைத்திருந்த வீடுகள் சுத்தியல் வாங்கின. சுத்தியல் வாங்கின வீடுகள் ஷோகேஸ் வாங்கின. சபையின் பண்டிகை விளையாட்டில் முதல் பரிசு சுத்தியல், இரண்டாம் பரிசு வேதாகமம் என்று வைத்துவிட்டு, போதகர் ஐயா ஆட்சேபித்த பிறகு மாற்றினார்கள். காலேஜ் பையன்கள் சின்ன சைஸ் சுத்தியலை இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். யாரும் எதையும் அடிக்கவில்லை. ஆணி வேண்டியிருந்தால் இருக்கவே இருந்தது குழவி.

பவுல்பாண்டியன் பட்டறையில் உலை அணைந்தது. தையல் மெஷின் வந்தது. வியாபாரம் அமோகம். ஆறு குடும்பமும் நன்றாக இருந்தது. அவருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சும்மா இருக்கும்போது போய் வாசல் கல்லைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

இந்தச் செய்தி மெட்ராஸ் வரைக்கும் போயிற்று. வட்டாரத்தில் ஒரு பெருவிரல்கூட சுத்தியலால் நசுங்கவில்லை என்று செல்லச்சாமி எழுதியனுப்பியதைப் படித்து உள்ளம் பூரித்த பெரிய அதிகாரி, பாராட்டுப் பத்திரம் வழங்க நேரிலேயே புறப்பட்டு வந்துவிட்டார். பட்டறை வாசலில் பந்தல். கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரத்தைப் பட்டறைச் சுவரில் அவர் கையாலேயே மாட்ட வேண்டும், அதற்கான ஆணியைப் பெருவிரல் பாதுகாப்புச் சுத்தியலால் அவரே அடிக்க வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல்.

பெரிய அதிகாரி ஆணியைச் சுவரில் வைத்து அடித்தார். பொத். ஜனங்கள் கைதட்டினார்கள். மறுபடி அடித்தார். பொத். போட்டோ எடுத்தார்கள். பத்துப் பதினைந்து போட்டோ ஆயிற்று. கையை எடுத்ததும் ஆணி கீழே விழுந்தது.

"ஆணி ஒத்துழைக்க மாட்டேங்குதே" என்றார் பெரிய அதிகாரி, அதைக் குனிந்து எடுத்துக்கொண்டே.

செல்லச்சாமி ஓரமாக நகர்ந்து வந்தார். பவுல்பாண்டியனின் காதில் கிசுகிசுத்தார்.

"இரும்புச் சுத்தியல் ஏதாவது கெடக்கா வே?"

"எல்லாம் உங்க குளியலறையிலதான் சார் கெடக்கு. சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கு. ஆனா அதத் தொறக்கணும்னா பெரியவரு கையெழுத்து வேணும். அவரு கையில ஆணி இருக்கு."

பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் கூட்டத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்கமுடியாமல் உள்ளே போய்த் தன் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து செல்லச்சாமியிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார். ஊரே இப்போ இதுலதான அடிக்கு."

பெரிய அதிகாரி ஆணியைப் பிடித்துக்கொண்டார். செல்லச்சாமி குழவியை இரண்டு கையாலும் ஓங்கினார். முதல் அடியில் ஆணி பாதி இறங்கியது. இரண்டாவது அடி பெரிய அதிகாரியின் பெருவிரல் மேல் இறங்கியது.

பெரிய அதிகாரி விரலை வாயில் வைத்துக்கொண்டார். தெருவில் தறிகள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பவுல்பாண்டியன், போச்சு, பட்டறை போச்சு என்று மனசுக்குள் ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

விசாரணை பந்தலிலேயே நடந்தது. ஆணி வேறு டிபார்ட்மெண்ட். குழவி சமையல் சாமான், அது எந்த டிபார்ட்மெண்டிலும் இல்லை. சுத்தியலோ பாராட்டுப் பத்திரம் பெற்றது. அதோடு அது அந்த நேரத்தில் நாற்காலி மேல் இருந்தது. அடித்தவர் செல்லச்சாமி. ஆனால் செல்லச்சாமி பெரிய அதிகாரியின் சிபாரிசில் வேலைக்கு வந்தவர். தன் சிபாரிசு தப்பு என்று பெரிய அதிகாரி எழுதமுடியுமா? ஆகக்கூடி மிஞ்சினது விரல் ஒன்றுதான். விரலை வாயில் வைத்துக்கொண்டே அவர் தீர்ப்புச் சொன்னார்.

"கோளாறு விரல்லதான் இருக்கு. எல்லார் விரலுக்கும் உறை போடணும்."

கூட்டத்தில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. உறை என்ன கலரில் இருக்கும் என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

அந்த உறையைத் தைத்துக்கொடுக்கும் பொறுப்பும் பவுல்பாண்டியன் தலையிலேயே விழுந்தது. ஊர் முழுக்கப் பெருவிரலில் சிவப்புத் தொப்பியோடு நடந்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. இத்தனை நாள் அதிகாரிகளோடு பழகினது வீண் போகவில்லை. நேரே செல்லச்சாமியிடம் போனார்.

"சார், விரலுக்கு உறை வந்தாச்சு. இனிமே சுத்தியலுக்கும் எதுக்கு சார் உறை? ஒரே அடிக்கு ரெண்டு உறையான்னு ஆடிட்டுல கேப்பாங்கல்லா?"

ஆடிட் என்ற சொல்லைக் கேட்டதும் செல்லச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பெரியவர் கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல் அன்று சாயங்காலமே குளியலறை திறந்தது. பிடியில் 'பவுல்' என்று இருந்ததால் சாக்குச் சாக்காக இரும்புச் சுத்தியல்கள் பட்டறைக்கே வந்து இறங்கின. பவுல்பாண்டியன் ஒவ்வொன்றாகத் துரு போகத் துடைத்து எண்ணெய் போட்டார். உலையை மறுபடி மூட்டினார். வாசல் கல்லைக் கழுவிவிட்டு, சந்தோஷத்தில் கைகால் ஓடாமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆள் வந்தான். சுத்தியலை எடுத்துக் கல்லில் தட்டினான். கிண். பவுல்பாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். முகத்தைச் சுளித்தான்.

"என்ன அண்ணாச்சி, இந்தச் சத்தம் போடுது?"

"அதான தம்பி நல்ல சுத்தியலுக்கு அடையாளம்."

"பிள்ளைக தூங்குத வீடு அண்ணாச்சி. அந்தப் பஞ்சு வச்சதே ஒண்ணு கொடுங்க. மச்சினன் கல்யாணத்துக்குக் கொடுக்கணும்."

"அப்போ ஆணி அடிக்க?"

"அதுக்குக் குழவி இருக்குல்லா."

இரண்டாவது ஆள் வந்தான். மூன்றாவது ஆள் வந்தான். எல்லாரும் தட்டினார்கள், சுளித்தார்கள், பஞ்சு வைத்தது வாங்கிக்கொண்டு போனார்கள். வாரக் கடைசியில் பவுல்பாண்டியன் உலையை மறுபடி அணைத்தார்.

அன்று இன்பம் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கொடிக்கயிறு ஆணி புடுங்கிட்டு வந்துட்டு. ஈரத்துணியெல்லாம் தரையில கெடக்கு. சட்டுனு வந்து அடிச்சுக் குடுங்க."

பவுல்பாண்டியன் எழுந்தார். சுற்றிக் குவிந்து கிடந்த இரும்புச் சுத்தியல்களைக் கால் இடறாமல் பார்த்துத் தாண்டி, பக்கத்து வீட்டுக்குப் போனார். ஊர்க் குழவிகளில் பாதி ஆணி அடித்தே மூக்கு உடைந்து போயிருந்தது. அவர் வீட்டுக் குழவியும் அதில் சேர்த்தி. அதுவுமில்லாமல், பெரிய அதிகாரி விரல் பட்ட குழவி என்று கோமதியம்மாள் வீட்டுக் குழவிக்கு இப்போது தனி மவுசு.

"கோமதியம்மா, அந்தக் குழவியைக் கொஞ்சம் கொடுங்க. ஒரே ஒரு ஆணிதான்."

"அத செல்லச்சாமி சாரு வாங்கிட்டுப் போயிருக்காரே. ஆபீஸ்ல காலண்டரு இன்னும் மாட்டாமலே கெடக்காம்" என்றாள் கோமதியம்மாள். "அப்படி வாசல்ல இருங்க அண்ணாச்சி. உங்களுக்கு முன்னால நாலு பேரு இருக்காங்க."

வாசலில் நாலு பேர் ஆளுக்கொரு ஆணியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் இடுப்பிலும் சிவப்புச் சுத்தியல் தொங்கியது. பவுல்பாண்டியன் தன் விரல் உறையைச் சரிசெய்துகொண்டு ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தார்.